தொட்டிலும் ஆராய்ச்சிக் கூடமும்

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எம்.எஸ்ஸி. முடித்து வெளியே வரும்போது நமக்கு வயது 23. டாக்டர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் என்றால் 29. அதற்குப் பின்னும் உடனே வேலை கிடைப்பதில்லை. வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ இரண்டு, மூன்று ஆண்டுகள் தற்காலிக ஆராய்ச்சியாளராக இருந்துவிட்டுத்தான் நிரந்தரப் பதவிக்கு மனுப் போடலாம். அப்போது வயது 32 அல்லது 33. விஞ்ஞானி ஒருவர் தமக்கென்று பெயர் தேடிக்கொள்ள வேண்டிய காலம் இந்தப் பத்தாண்டுதான். கலியாணமும் குழந்தைப் பேறும் வருகிற காலமும் இதே பத்தாண்டுதான். இரண்டுக்கும் இயற்கை ஒரே நேரத்தைக் குறித்து வைத்துவிட்டது என்று சொன்னால் இயற்கையின்மேல் பழி போடுவதாகும். குழந்தைக்கான காலத்தை இயற்கை குறித்தது. மற்றதைக் குறித்தவர்கள் மனிதர்கள். மனிதர்கள் குறித்ததை மனிதர்கள் மாற்றலாம் அன்றோ? உலகில் சில இடங்களில் மாற்றியும் இருக்கிறார்கள். எப்படி மாற்றினார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, நம் நாட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஆண் நண்பர்கள் இது பெண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். குழந்தைக்குத் தகப்பனும் உண்டு. அவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டில் எரின் செக், மேரி பிளேர்-லாய் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விஞ்ஞானம், பொறியியல் ஆகிய துறைகளில் முழு நேர வேலையில் இருந்தவர்களை முதல் குழந்தை பிறந்த பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தாய்மாரில் 43 சதவிகிதம் பேர் அத்துறையின் முழு நேர வேலையை விட்டிருந்தார்கள். தந்தைமாரில் 23 சதவிகிதம். முதல் எண்ணைக் கேட்டு யாரும் வியப்படையமாட்டார்கள். எனக்கு வியப்பளித்தது இரண்டாவது எண். நான்கு தகப்பன்மாரில் ஏறக்குறைய ஒருவர்! ஆகவே இதைத் தாய்க்கு மட்டும் நேரும் இடையூறு என்று கருதுவது பொருந்தாது. குழந்தை வளர்க்கும் எவருக்கும் இடங்கொடாத முறையில் விஞ்ஞானத் தொழில் அமைந்திருக்கிறது என்பதே பொருள்.

ஏன் இப்படி? எழுத்தாளனுக்கும் குழந்தை பிறக்கிறது, வழக்கறிஞருக்கும் பிறக்கிறது. ஆராய்ச்சிக்கு மட்டும் என்ன தனித் தொல்லை? ஆராய்ச்சிக் கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இரண்டு, மூன்று நாளுக்கொரு முறை ஊட்ட நீரை மாற்றாவிட்டால் மடிந்துவிடும். எலிகளைக் கலந்து கலந்து மூன்று தலைமுறையாக உருவாக்கிய ஒரு வகை, பார்ப்பாரில்லாமல் ஆறு மாதம் கிடந்தால், திரும்பி வரும்போது இனப்பெருக்க வயதைக் கடந்து நிற்கும். எங்கள் கூடத்தில் மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் இருக்கிறார். அக்கா என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவருக்கு முறைப்படி விடுமுறை கிடைத்தது, பணமும் நின்றுபோகவில்லை. ஆனால் அவர் வளர்த்துக்கொண்டிருந்த உயிரணுக்களை ஏற்றுக்கொள்ள ஆளில்லை. உறைநிலையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து எழுப்பிப் பார்த்தபோது பாதிக்கு மேல் எழவில்லை. விடுமுறை ஆறு மாதம், இழப்பு ஓராண்டு. விதியில் எந்தக் குறையும் இல்லை. வேலைக்குக் கை இல்லை, அவ்வளவுதான். இந்தக் 'கை' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகில் இதற்காகச் செலவிடப்படும் பணத்தைப் பார்த்தால், அது மூன்று வகையில் போகிறது. விடுமுறையில் இருக்கும்போது உதவிச் சம்பளம் நிற்காமல் வருவது ஒன்று. வயது வரம்பையும் காலக் கெடுவையும் தள்ளிப் போடுவது மற்றொன்று. வீட்டிலோ ஆராய்ச்சிக் கூடத்திலோ வேலைக்கு ஒரு கையைக் கொடுப்பது மூன்றாவது. நம் நாட்டில் முதல் இரண்டும் ஓரளவுக்கு வந்துவிட்டன. மூன்றாவது இல்லை என்றே சொல்ல வேண்டும். என் எண்ணத்தில் மூன்றாவதே முக்கியமானது. ஆகவே அதை முதலில் சொல்கிறேன்.

ஜெர்மனியில் டூபிங்கன் என்று ஓர் ஊர். அங்கே மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் அம்மையார். பழ ஈயின் முட்டைக்குள் தலை எது, வால் எது, எந்தக் கண்டம் எங்கே வர வேண்டும் என்பதை எந்த மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று கண்டுபிடித்தவர். எட்வர்ட் லூயிஸ், எரிக் வீஷாஸ் ஆகியோருடன் 1995ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருக்குக் குழந்தை இல்லை. ஆனால் தம் கூடத்தில் வேலை செய்த திறமைசாலிப் பெண்கள் குழந்தை பிறந்ததும் ஒவ்வொருவராகப் பின்தங்குவதைக் கண்டார். 2004ஆம் ஆண்டு தம் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்.

அந்த அறக்கட்டளை என்ன கொடுக்கிறது தெரியுமா? நுண்ணோக்கி வாங்கப் பணம் கொடுக்கவில்லை. கூட்டிப் பெருக்க, துணி துவைக்க, மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொள்ளப் பணம் கொடுக்கிறது! தொடக்கத்தில் மாதம் 400 யூரோ வரை கொடுத்தார்கள். சலவை இயந்திரம் வேண்டுமா, பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டுமா, வாங்கிக்கொள்ளலாம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்களும், பட்டம் பெற்றுத் தற்காலிக ஆராய்ச்சியில் இருப்பவர்களும் மனுப் போடலாம். ஒரு நிபந்தனை உண்டு. பகல் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு ஏற்கெனவே இருக்க வேண்டும். காப்பகச் செலவுக்கு இந்தப் பணம் அல்ல. காப்பகம் மூடிய பிறகு உள்ள நேரத்துக்கே இந்தப் பணம். மாலையில் ஒரு சொற்பொழிவு, இரவில் ஒரு சோதனை, வெளியூரில் ஒரு மாநாடு, இப்படிப்பட்ட நேரங்களை விலை கொடுத்து வாங்கித் தருகிறார்கள்.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நோபல் பரிசு பெற்ற அம்மையார் துடைப்பத்துக்கு மானியம் கொடுக்கிறாரே என்று. யோசித்துப் பார்த்தால் இதைவிடக் கூர்மையான சிந்தனை வேறில்லை. விஞ்ஞானியிடம் இல்லாதது அறிவும் அன்று, ஊக்கமும் அன்று, நேரம். நேரத்தைத் தின்பது எது? பாத்திரமும் துணியும். அப்படியானால் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

நம் நிலைமைக்கு இதைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். 2023 ஜனவரியிலிருந்து அமலுக்கு வந்த விகிதப்படி இளநிலை ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். முதுநிலையில் 42,000 ரூபாய். இரண்டாண்டு இளநிலை, மூன்றாண்டு முதுநிலை என்று கூட்டினால் ஐந்தாண்டில் மொத்தம் 24 லட்சம் ரூபாய். வீட்டு வாடகைப் படியும், ரசாயனப் பொருள்களும், கருவிகளும் இதில் சேரவில்லை. ஒரு மாணவியை ஆளாக்க அரசாங்கம் இவ்வளவு செலவிடுகிறது. வீட்டு வேலைக்கு ஓர் அம்மாளை அமர்த்த மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டுக்கு 1,92,000 ரூபாய். அதாவது 24 லட்சத்தில் 8 சதவிகிதம். இந்த எட்டைக் கொடுக்காமல் நூறையும் இழப்பது எந்தச் சிக்கனத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

'கை' கொடுப்பதில் இன்னொரு முறை, ஆராய்ச்சிக் கூடத்துக்கே ஆள் கொடுப்பது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1997 முதல் கிளாஃப்லின் என்ற பெயரால் இப்படி ஒரு விருது வழங்கினார்கள். சிறு குழந்தைகளை வளர்க்கும் பெண் ஆராய்ச்சியாளருக்கு உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ள அதிலிருந்து பணம் கிடைத்தது. அதைப் பார்த்து டோரிஸ் டியூக் அறக்கட்டளை 2015இல் பத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு இதே வகை உதவியைத் தொடங்கியது. எங்கள் அக்காவுக்கு இப்படி ஒருவர் கிடைத்திருந்தால் உயிரணுக்கள் உறைநிலைக்கே போயிருக்கமாட்டா.

அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிலையங்கள் 2021இல் தம் உதவிச் சம்பளக்காரர்களுக்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவாக ஆண்டுக்கு 2,500 டாலர் கொடுக்கத் தொடங்கின. அரசாங்க உரிமம் பெற்ற காப்பகமாக இருக்க வேண்டும். இரண்டு குழந்தை இருந்தாலும் தொகை அதேதான். அந்நாட்டுப் பெரு நகரங்களில் இது இரண்டு, மூன்று மாதச் செலவுக்குக் காணும். ஆயினும் ஒரு நல்ல வழக்கம் ஏற்பட்டது. குழந்தை வளர்ப்பும் ஆராய்ச்சிச் செலவில் சேர்ந்தது என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.

ஐரோப்பாவில் மேரி கியூரி பெயரால் வழங்கப்படும் உதவிச் சம்பளத்தில் குடும்பப் படி என்று ஒன்று உண்டு. முன்பெல்லாம் மனுப் போடும்போது குடும்பம் இருந்தால்தான் படி. நடுவில் கலியாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் கணக்கில் வராது. குழந்தை தேதி பார்த்துப் பிறக்க வேண்டும் போலும்! 2021இல் தொடங்கிய புதுத் திட்டத்தில் இதை மாற்றி, இடையில் பிறந்த குழந்தைக்கும் படி உண்டு என்றார்கள். தொகை மாதம் 660 யூரோ என வைத்தார்கள்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழு இளம் விஞ்ஞானிகளுக்கு ஐந்தாண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை தொடக்க மானியம் கொடுக்கிறது. 2024ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, டாக்டர் பட்டம் பெற்று இரண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ஆனால் தாயாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூடுதல் காலம். எத்தனை நாள் விடுமுறை எடுத்தாய் என்று கேட்கமாட்டார்கள். விடுமுறை முடிந்த மறுநாளே குழந்தை வளர்ந்து ஆளாகிவிடுவதில்லை என்பதை அறிந்து வகுத்த விதி இது. தந்தைக்கு அவர் உண்மையில் எடுத்த விடுமுறை எவ்வளவோ அவ்வளவு காலம் மட்டுமே கூடும்.

இருவருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதானே நியாயம் என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படியே நினைத்தேன். ஆனால் அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் பொருளாதாரத் துறைகளில் அப்படிச் செய்து பார்த்தபோது என்ன நடந்தது? 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைச் சொல்கிறது. குழந்தை பிறந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓராண்டு கூடுதல் என்று விதி வந்த பின், அங்கே நிரந்தரப் பதவி பெறும் ஆண்களின் விகிதம் கணிசமாகக் கூடிற்று. பெண்களின் விகிதம் கணிசமாகக் குறைந்தது. அந்த ஓராண்டில் ஆண்கள் இன்னும் சில கட்டுரைகள் எழுதி நல்ல சஞ்சிகைகளில் வெளியிட்டார்கள். பெண்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். தகப்பன்மாருக்கு விடுமுறை கூடாது என்று இதற்குப் பொருள் அன்று. விடுமுறையை எடுத்தவர் உண்மையில் தொட்டிலை ஆட்டினாரா என்பதே கேள்வி. நம் நாட்டில் மத்திய அரசாங்க ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுமுறை உண்டு. ஆராய்ச்சி மாணவனான தகப்பனைப் பல்கலைக்கழக விதிகள் அநேகமாக நினைத்தே பார்க்கவில்லை. நம் விடுதியில் அப்படி இருவர் இருக்கிறார்கள். இரவில் அவர்கள் கண்களைப் பார்த்தால் தெரியும்.

இங்கே நமக்கு என்ன இருக்கிறது? வேலை பார்க்கும் பெண்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் பேறுகால விடுமுறை கொடுத்தது. 2017இல் அது 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாயிற்று. ஆனால் நாம் ஊழியரா, மாணவரா? சௌகரியம்போல இரண்டாகவும் நம்மை நடத்துவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஒரு வழி செய்தது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்களுக்குப் படிப்புக் காலம் முழுவதிலும் சேர்த்து 240 நாள் வரை பேறுகால விடுமுறையோ குழந்தைப் பராமரிப்பு விடுமுறையோ தரலாம் என்றது. 2022ஆம் ஆண்டு விதிகளிலும் இது இருக்கிறது. பட்டத்தை முடிக்க எல்லோருக்கும் ஆறாண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டாண்டு, ஆக மொத்தம் பத்தாண்டுக்கு மேற்படக் கூடாது. 2021 டிசம்பரில் இதே குழு இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் பேறுகால விடுமுறைக்கும் வருகைச் சலுகைக்கும் வகை செய்யுமாறு பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதிற்று.

பணம்? மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞானத் துறை வகுத்த உதவிச் சம்பள விதிகளில், பேறுகால விடுமுறையில் உதவிச் சம்பளம் உண்டு. ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும். விடுமுறை தருவது பல்கலைக்கழகம். பணம் தருவது வேறு நிறுவனம். பட்டத்துக்குக் கெடு வைப்பது இன்னொரு விதி. மூன்றும் மூன்று கடிகாரங்கள். பல்கலைக்கழகத்தின் கடிகாரம் எட்டு மாதம் நின்றால், பணம் தருபவரின் கடிகாரமும் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டத்துக்கு எட்டாண்டு அவகாசம் இருந்தும் ஐந்தாம் ஆண்டோடு பணம் நின்றுபோனால் அந்த அவகாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தனி ஒரு திட்டத்தின் கீழ் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு நிலைமை இன்னும் இக்கட்டு. மூன்றாண்டுத் திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

விட்டுப்போனவர்களை மீண்டும் அழைத்து வரும் ஏற்பாட்டில் நம் நாடு பின்தங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் முதல் பெண் பௌதிகப் பேராசிரியரான டாஃப்னி ஜாக்சன் அம்மையார், இடையில் ஆராய்ச்சியை விட்டவர்கள் திரும்பி வருவதற்கென்று 1985இல் ஓர் உதவிச் சம்பளம் தொடங்கினார். நம் நாட்டு விஞ்ஞானத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கிற்று. 27 முதல் 57 வயது வரை உள்ளவர்கள் அதில் சேரலாம் என்று வைத்தார்கள். உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2011இல் தன் பங்குக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இவற்றால் வாழ்வு பெற்றவர்கள் பலர். ஆயினும் கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவது வேறு, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவது வேறு. விழுந்தபின் ஏணி போடப் பணம் ஒதுக்கும் நாம் சுவருக்கு ஏன் யோசிக்கிறோம்?

ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் சுவர் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர் பாட்டி. தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதன் பிறகும் அம்மாவோ மாமியாரோ ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பார்த்துக்கொள்வார்கள். இந்த உழைப்புக்கு மானியம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் அதுதான் நம் நாட்டின் மிகப் பெரிய விஞ்ஞான மானியம். ஊரில் இருப்பவர்களுக்கு அது போதும். நம்மைப் போல 2,000 கிலோமீட்டர் தள்ளி வந்தவர்களுக்கு? டில்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் சென்னை போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிறது. முழங்கால் வலியோடு அம்மா அந்த ரயிலில் வருகிறார். பேச்சுத் துணையில்லாத ஊரில், மொழி தெரியாத கடைக்காரனிடம் கைச்சாடை காட்டிப் பால் வாங்குகிறார். மூன்று மாதம் ஆனதும் அப்பாவின் உடல்நிலையைக் கருதித் திரும்பிப் போகிறார். அதன் பிறகு மணமான ஆராய்ச்சி மாணவர் குடியிருப்பின் ஓரறையில் கணவன், மனைவி, குழந்தை. காப்பகம் மாலை 5 மணிக்கு மூடிவிடும். துறைச் சொற்பொழிவு 4.30க்குத்தான் தொடங்கும்.

1938ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையாருக்கு முதல் குழந்தை பிறந்தபோது, அவர் கல்லூரி சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தது. அங்கே அப்போது அது கேள்விப்படாத விஷயம். மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டே அவர் பெனிசிலினின் அணு அமைப்பைக் கண்டார். 1964இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றார். விடுமுறை கொடுத்ததால்தான் பரிசு வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பிரிட்டிஷ் ராயல் சொசைட்டி 1995இல் குழந்தை வளர்ப்பு போன்ற காரணங்களால் பகுதி நேர வேலை வேண்டும் இளம் விஞ்ஞானிகளுக்கு ஓர் உதவிச் சம்பளம் தொடங்கியபோது, அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

நம்மால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. உதவிச் சம்பள உத்தரவில் கையெழுத்திடும் நாளிலேயே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விடுமுறையில் பணம் முழுவதும் வருமா? விடுமுறை மாதங்கள் மொத்தக் காலத்தில் கழியுமா, கூடுமா? வீட்டு வாடகைப் படி நிற்குமா, தொடருமா? வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். அலுவலகத்தில் ஆள் மாறிவிடுவார்கள். இங்கே படித்து முடித்த அக்காமாரும் அண்ணன்மாரும் இவற்றையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் பட்டம் வாங்கிப் போகும்போது அந்த அறிவும் அவர்களோடு ரயிலேறிப் போய்விடுகிறது. சங்க அறையில், நாளிதழ்கள் கிடக்கும் மேஜையில், இதற்கென்று ஒரு குறிப்பேடு வைக்கச் செயலாளர் இசைந்திருக்கிறார். எந்த நிறுவனம் எந்த மனுவுக்கு என்ன பதில் எழுதிற்று, எத்தனை நாளில் எழுதிற்று என்பதைத் தெரிந்தவர்கள் அதில் பதியலாம். பெயர் போட வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் 240 நாள் விதியை எழுதிவைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தை அக்கா நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.